இன்னொரு பக்கத்துக் குழாய்

ஊரில் புருஷன் பெண்டாட்டி பிரிவதற்கு மாமியார், நாத்தனார் என்று ஆயிரம் காரணம் கிடைக்கும். இந்தப் பட்டறைக்காரியின் வீட்டில் குறுக்கே வந்தது ஓர் அலுமினியக் குழாய்.

டர்போ வைத்த காரில், டர்போ அழுத்தித் தள்ளும் காற்று கொதித்துப்போய் வரும். அதை இன்டர்கூலருக்குக் கொண்டுபோய் ஆறவைத்து, அங்கிருந்து என்ஜினுக்குக் கொடுக்கக் குழாய் வேண்டும். அளவெடுத்து வளைப்பது அவள், வெல்டிங் வைப்பது அவள் புருஷன். அவளுக்கு இரண்டு அங்குலம்தான் சரி. குழாய் சீக்கிரம் நிறையும், மிதித்ததும் வண்டி பாயும். அவனுக்கு இரண்டரை, வேகமெடுத்த பிறகு என்ஜினுக்கு மூச்சு முட்டாது. ஒருநாள் அவன் பிடிவாதமாக இரண்டரையைப் போட்ட வண்டி, மிதித்தால் யோசித்து யோசித்துக் கிளம்பியது. வண்டிக்காரர்கள் நாலு பேர் நிற்கும்போதே, "நான் அப்பவே சொன்னேன்" என்றாள். நாக்கை அடக்கியிருக்கலாம், அடக்கவில்லை. மறுநாளே அவன் ஊரின் மறுகோடியில் வேறு பட்டறைக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டான்.

வீம்பில் அவளும் சளைத்தவள் இல்லை. கூப்பிடவில்லை. ஆனால் அவனுடைய வெல்டிங் ஹெல்மெட் தொங்கும் ஆணியைப் பார்க்காத நாளில்லை. கூலிக்கு வந்த வெல்டர் அதை எடுக்கப் போனபோது, "அத வைங்க, கண்ணாடி சரியில்ல" என்று கூசாமல் பொய் சொன்னாள். மதியம் தனியாக உட்கார்ந்தால் சாப்பாடு இறங்கவில்லை. அவன் வேண்டும். மல்லுக்கு நிற்கவாவது அவன் வேண்டும்.

அப்படியிருக்கும்போதுதான் ஒரு பல் டாக்டர் தன் காரைக் கொண்டுவந்து நிறுத்தினார்.

"டர்போ பக்கம் மட்டும்தான் புதுக் குழாய் போட்டாரும்மா. என்ஜின் பக்கத்துக்கு அளவு சொல்ற ஆள் இங்கதான் இருக்குன்னு அனுப்பிட்டார் அந்த மறுகோடிப் பட்டறை வெல்டர்."

அவள் பம்பருக்கு அடியில் புகுந்து குழாயைத் தடவினாள். நெருக்கிப் போட்ட தையல் போல ஒரே சீரான வெல்டு. அவன் கைதான். அளந்து பார்த்தாள். இரண்டு அங்குலம்.

"சின்னதா போயிடுச்சோ?" என்றார் டாக்டர்.

"இல்ல சார், சரியா இருக்கு" என்றவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

பழக்கத்தில் இன்னோர் இரண்டு அங்குலக் குழாயை எடுத்தவள், அப்படியே நின்றாள். டர்போ பக்கம் சின்னது, சீக்கிரம் நிறையும். என்ஜின் பக்கம் பெரியது, மூச்சு முட்டாது. முழு வண்டிக்கும் ஒரே அளவு என்று மல்லுக்கட்டினார்களே தவிர, பக்கத்துக்கு ஒன்று என்று அன்றைக்கு இருவருக்குமே தோன்றவில்லை. இரண்டரையை எடுத்து வளைத்துப் பொருத்திவிட்டுப் போன் போட்டாள்.

"ஏங்க, குழாய் வளைச்சாச்சு. வெல்டு வைக்கணும்."

"என்ன அளவு?"

"ரெண்டர."



"கூலிக்கு ஒருத்தர் வர்றாராமே?"

"அவர் வேண்டாம், நீங்க வாங்க. அப்பவே சொன்னேன்னு இனிமே சொல்லமாட்டேன்."

"சொல்லாம உன்னால இருக்க முடியுமா?"

"நாலு பேர் முன்னாடி சொல்லமாட்டேன்."

அவன் சிரித்தான். பிறகு குரல் இறங்கியது. "என் ஹெல்மெட் அங்க கெடந்துச்சே. இருக்கா, தூக்கிப் போட்டுட்டியா?"

தினமும் துடைத்து வைக்கிறேன் என்று சொல்ல வந்தாள். ஆணியில் தொங்கிய ஹெல்மெட்டைப் பார்த்தாள்.

"வந்து மாட்டிக்குங்க" என்றாள்.