எரியக் கூடாத பல்பு

கெமிஸ்ட்ரி மிஸ் வருஷா வருஷம் காட்டும் வித்தை ஒன்று உண்டு. உப்புக் கரைசலில் இரண்டு கம்பிகளை விட்டால் பல்பு எரியும். சர்க்கரைக் கரைசலில் எரியாது. உப்பு நீரில் அயனிகளாகப் பிரிந்து மின்சாரத்தைக் கடத்தும், சர்க்கரைக்கு அந்தக் கொடுப்பினை இல்லை என்று சொல்லி முடித்து, பாட்டிலிலிருந்து ஒரு சிட்டிகை சர்க்கரைத் தூளை வாயில் போட்டுக்கொள்வாள். "கத்திக் கத்தித் தொண்டை வத்திப் போச்சு, இதான் என் கூலி" என்பாள். வகுப்பு சிரிக்கும். லேபில் எதையும் வாயில் வைக்காதே என்று சுவரில் எழுதி ஒட்டியதும் அவளேதான். ஊருக்குத்தானே உபதேசம்!

இன்று இடைவேளையில் மிஸ் சர்க்கரை தின்பதை அவள் மகள் நடித்துக் காட்டினாள். அம்மாவின் வகுப்பிலேயே படிக்கிறவள்; பள்ளிக்குள் மறந்தும் அம்மா என்று கூப்பிடக் கூடாது, மிஸ்தான் என்பது வீட்டுச் சட்டம். பாடத்துக்கு மேசையைத் தயார் செய்யப் போன இடத்தில், தோழிகளைச் சிரிக்க வைக்க ஒரு கரண்டித் தூளை வாயில் கொட்டித் தண்ணீரும் குடித்துவிட்டாள். மணி அடிப்பதற்குள் வாந்தி. பிறகு கால் துவண்டு வராந்தாவில் சரிந்தாள்.

பி.டி. மாஸ்டர் அவளைக் காரில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார். மிஸ்ஸும் ஏறப் போனாள். அதற்குள் மகளின் தோழி அந்தப் பாட்டிலை நீட்டி அழுதாள்.

"நீங்க பண்றதத்தான் மிஸ் அவளும் பண்ணிக் காட்டினா. ஆனா இனிக்கலன்னு சொன்னா மிஸ்."

மிஸ் பாட்டிலைத் திருப்பிப் பார்த்தாள்; அடியில் சர்க்கரை என்றுதான் ஒட்டியிருந்தது. பெரிய வகுப்புக்கு இன்னதென்று கண்டுபிடிக்கக் கொடுக்கும் ரசாயன உப்புகளும் அதே மாதிரி பாட்டில்களில்தான் இருந்தன. பிள்ளைகள் பார்த்து எழுதிவிடக் கூடாதென்று பெயர்ச் சீட்டை அடியில் ஒட்டுவாள். நேற்று துடைத்தபோது சீட்டுகள் உரிந்து விழ, எனக்குத் தெரியாததா என்று ஞாபகத்திலேயே மறுபடி ஒட்டியிருந்தாள்.

கார் அவளில்லாமலே போய்ச் சேர்ந்ததும் போனில் டாக்டர் கத்தினார். "என்ன சாப்பிட்டான்னு தெரியாம நான் எதம்மா குடுக்கிறது? பொண்ணு கை காலே அசைக்க மாட்டேங்குது."

மனசு மகளின் பின்னால் ஓடியது. கால்கள் லேபுக்கு ஓடின. அவளை விட்டால் அது என்ன தூள் என்று சொல்ல அங்கே ஆளில்லை.

காய்ச்சி வடித்த நீரில் தூளைக் கரைத்துக் கம்பிகளை விட்டாள். இத்தனை வருஷமும் எரியேன் எரியேன் என்று கெஞ்சிய பல்பிடம், "எரியாத தாயே, எரிஞ்சிடாத" என்றாள்.

பளிச்சென்று எரிந்தது.

சர்க்கரை இல்லை. சாதாரணச் சமையல் உப்பாகவாவது இருக்கட்டும். சுடரில் ஒவ்வொரு உப்புக்கும் ஒரு நிறம். கம்பி முனையில் தூளைத் தொட்டுச் சுடரில் நீட்டினாள். மஞ்சள்! நல்ல மஞ்சள், சோடியத்தின் மஞ்சள். உப்புதான், வெறும் உப்புதான் என்று வாய்விட்டு அழுதபடி போனை எடுத்தாள்.

எடுத்த விரல் ஈரமாக வழுக்கியது. அந்த விரலால்தான் கம்பி முனையை நிமிர்த்தியிருந்தாள். கம்பியைத் தொட்டுவிட்டு மஞ்சள் என்று எழுதாதீங்கடி, அது உங்க வேர்வை உப்புடி என்று எத்தனை பிள்ளைகளைத் திட்டியிருப்பாள்! பாழும் மனசோ, மஞ்சளாகவே இருந்துவிட்டுப் போகட்டுமே என்று கெஞ்சியது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கம்பியை அமிலத்தில் தோய்த்து, நிறம் அற்றுப்போகும்வரை எரித்து, மறுபடி தூளைத் தொட்டு நீட்டினாள்.

பச்சை.

அந்த அலமாரியில் பச்சையாக எரியும் வெள்ளைத் தூள் ஒன்றே ஒன்றுதான்; அது விஷம்.

"பேரியம் குளோரைடு, டாக்டர். சல்ஃபேட் குடுத்தா வயித்துக்குள்ளயே கரையாத படிவா..."

"தெரியும்மா. உடனே குடுக்கிறோம். நீங்க கிளம்பி வாங்க."

ஆஸ்பத்திரியில் மகள் துணி மாதிரிக் கிடந்தாள். வயிற்றில் இருந்ததற்கு மருந்து கொடுத்தாகிவிட்டது; ரத்தத்தில் கலந்துவிட்டதற்குப் பொட்டாசியம் ஏறிக்கொண்டிருந்தது. எதையும் நாளைக்குத்தான் சொல்ல முடியும் என்றார் டாக்டர்.

மகள் கண்ணை மட்டும் திருப்பினாள். "மிஸ்... பல்பு எரிஞ்சுதா?"

"எரிஞ்சுதுடி. என் தலையில கொள்ளி வைக்க எரிஞ்சுது." அவள் மகளின் அசையாத விரல்களைப் பிடித்துக்கொண்டாள். "இது ஸ்கூல் இல்லடி கண்ணு. அம்மான்னு கூப்பிடு. ஒரு தடவ கூப்பிடுடி."

மகளின் உதடுகள் சேர்ந்தன, பிரிந்தன. குரல் வரவில்லை.