மாடி பாத்ரூம் வென்டிலேட்டர்

"குளிச்சிட்டு அப்புறமா சாமானெல்லாம் கட்டட்டுமாக்கா?" என்று வனஜா கேட்டாள். குடியாத்தத்திலிருந்து விடியற்காலை ரயிலேறி வந்திருக்கிறாள், மகளின் துணிமணிகளை எடுத்துப் போக. சௌம்யா செத்து இன்றோடு பதினேழு நாள். என் மாடி வீட்டுக்குக் குடி வந்த பெண். ஆபீசுக்குக் கிளம்ப பாத்ரூமுக்குள் போனவளைக் கதவை உடைத்துத்தான் வெளியே எடுத்தோம்.

"இரும்மா, அடுப்புல தண்ணி வெக்கறேன்" என்றேன். கேஸ் கீசரைப் போலீஸ்காரர்கள் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். கதவை மட்டும் நான் சரிபண்ணி மாட்டியிருந்தேன். வீட்டுக்காரி புத்தி, வேறென்ன!

எங்கள் ஸ்ரீராம்புரத்தில் ஒரு வீட்டுச் சுவரும் அடுத்த வீட்டுச் சுவரும் ஒட்டிக்கொண்டுதான் நிற்கும். போன வருஷம் பக்கத்து வீட்டு கிருஷ்ணப்பா மேலே ஒரு மாடி எழுப்பினார். அவர் வைத்த படிக்கட்டு நேராக எங்கள் பாத்ரூம் வென்டிலேட்டர் பக்கம் வந்துவிட்டது. சண்டை போட்டுப் பார்த்தேன். "நம்ம ஜாகா, நம்ம மெட்லு" என்று, எங்க இடம் எங்க படிக்கட்டு என்கிற மாதிரி, கன்னடத்தில் கத்திவிட்டு உள்ளே போய்விட்டார். சௌம்யா ஒருநாள் என்னிடம் வந்து, "ஆன்ட்டி, யாராவது ஏறி எறங்கினே இருக்காங்க. குளிக்கவே கூச்சமா கீது" என்றாள். வயசுப் பெண். மறுநாளே நானே அட்டையை வைத்து, சிமெண்ட் குழைத்து அந்த ஓட்டையைப் பூசினேன். மேலே பெயிண்டும் அடித்தேன். சந்தோஷத்தில் என்னைக் கட்டிக்கொண்டாள்.

கீசர் மாட்டிய நரேஷ் படித்துப் படித்துச் சொல்லியிருந்தான். "மேல இருக்கிற ஓட்டைய மட்டும் மூடிடாதீங்க. இதுல வர்ற விஷக்காத்து கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது." பூசும்போது அது நினைவுக்கு வரவில்லை என்று சொன்னால் நான் பொய்க்காரி. வந்தது. பத்து நிமிஷக் குளியலில் என்ன ஆகிவிடும் என்று நினைத்தேன், பாவி. போலீஸ்காரர் சுவரைக் காட்டிக் கேட்டபோது, "கட்டின நாள்லேர்ந்து இப்படித்தான் சார்" என்று கூசாமல் சொன்னேன். எனக்கு இருப்பது இந்த ஒரு வீடு.

வெந்நீர் வாளியைத் தூக்கிக்கொண்டு போய் வைத்தேன். வனஜா உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் சத்தம் கேட்டதும் கதவைத் தட்டினேன்.

"தாப்பா போடாதம்மா. கதவ தொறந்து வெச்சிக்கோ. நான் இப்படித் திரும்பி நின்னுக்கறேன்."

"பயப்படாதீங்கக்கா, மிஷினுதான் இல்லியே" என்றாள். ஆனாலும் கதவைக் கொஞ்சம் திறந்துவிட்டாள். முதுகைக் காட்டி நின்று, முந்தானையை விரித்து வாசலை மறைத்துக்கொண்டேன். உள்ளே சொம்பில் மொண்டு ஊற்றும் சத்தம். நடுவில் அவளே பேசினாள்.

"சௌம்யா போன்ல சொன்னா அக்கா. ஆன்ட்டி அவங்க கையாலயே ஓட்டைய அடைச்சுக் குடுத்தாங்கம்மான்னு. பெத்தவ நானு, எனக்குக்கூட அவ மானத்த காப்பாத்தணும்னு தோணல. நீங்க நல்லா இருக்கணும்க்கா."

முந்தானையை இன்னும் இழுத்துப் பிடித்தேன்.

"வனஜா" என்றேன். "அத அடைக்காம இருந்திருந்தா, உன் பொண்ணு இன்னிக்கு உயிரோட இருப்பாம்மா."

தண்ணீர்ச் சத்தம் நின்றது. என் முதுகுக்குப் பின்னால் ஆவி மட்டும் வந்துகொண்டிருந்தது. திரும்பாமல், முந்தானையை விரித்தபடியே நின்றேன்.