அக்காவின் வாயில் ஒரு துண்டு சீஸ்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது கதையாகப் பிறந்ததல்ல. ஓர் ஆரோக்கிய இதழின் ஆசிரியர் 'எடைக் குறைப்பில் பால் பொருட்களின் பங்கு' என்று கட்டுரை கேட்டார். நானும் உட்கார்ந்தேன்.

'பாலில் புரதமும் சுண்ணாம்புச் சத்தும்

['செறிந்துள்ளன' என்று முடிக்க வேண்டும். அந்தச் சொல்லை நினைத்தாலே எனக்குக் கொட்டாவி வருகிறது.]

மறுபடி தொடங்கினேன். 'உடல் இளைக்க விரும்புவோர் முதலில் கைவிடுவது

இந்த இடத்தில் அக்கா வந்து உட்கார்ந்துவிட்டாள். அவள் உட்கார்ந்தால் பக்கத்தில் வேறெதற்கும் இடமிருக்காது. கட்டுரை எழுந்து போய்விட்டது.

2

அக்கா ஒரு பால் ஆலையில் ருசி பார்ப்பவள். தயிரோ வெண்ணெயோ சீஸோ, அவள் நாக்கைத் தாண்டித்தான் கடைக்குப் போகும். ருசி பார்க்கும் அறை மாடியில் இருக்கிறது. ஏறுவதற்குச் செங்குத்தான இரும்புப் படிக்கட்டு. கொஞ்ச காலமாக அவள் முழங்காலுக்கும் அந்தப் படிகளுக்கும் ஒத்துப்போகவில்லை. எடையைக் குறைத்தால் வலி குறையும் என்றார் மருத்துவர். மேலாளரும் தன்மையாகத்தான் சொன்னார்: முதிரவைத்திருக்கும் பழைய சீஸை வெட்டும் நாள்வரை பார்ப்போம், அப்போதும் ஏற முடியாவிட்டால் கீழே பெட்டி கட்டும் பிரிவுக்கு வந்துவிடுங்கள் என்று.

அந்தச் சீஸ் பாலாக இருந்தபோதே ருசி பார்த்தவள் அக்கா. அது முதிர்வதற்காக இரண்டு வருடமாகக் காத்திருக்கிறாள். அதைப் போய் வேறொருத்தி வாயில் போடுவதா?*

* இங்கே அக்காவை அழவைத்து ஒரு பத்தி எழுதியிருந்தேன். படித்துவிட்டு ஃபோன் செய்தாள். "நான் எங்கடா அழுதேன்? நாலு பிஸ்கட் தின்னுட்டு தூங்கிட்டேன். உள்ளதை எழுது." பத்தியைத் தூக்கிவிட்டேன். பிஸ்கட்டுகள் இருக்கின்றன.

3

எதிரி பால்தான் என்று அக்கா தானாகவே முடிவுகட்டினாள். வீட்டில் பால், தயிர், வெண்ணெய் எல்லாவற்றையும் தலைமுழுகினாள். மதியச் சாப்பாட்டில் தயிர் இல்லாததால் சாயங்காலம் ஆவதற்குள் வயிறு கத்தியது. பால் சேர்க்காதது என்று அட்டையில் போட்டிருந்த பிஸ்கட்டைப் பாக்கெட் பாக்கெட்டாகக் காலிசெய்தாள். எடை ஏறியது. மாமா, அதாவது அக்காவின் கணவர், தான் தோய்த்த தயிர் வீணாகக் கூடாதென்று இருவர் பங்கையும் ஒருவராகச் சாப்பிட்டுத் தொப்பை போட்டார்.

[மாமா கற்பனைப் பாத்திரம் அல்ல. நான் படைத்திருந்தால் இன்னும் கொஞ்சம் விவரமாகப் படைத்திருப்பேன்.]

கடைசியில் இருவரும் ஓர் உணவியல் நிபுணரிடம் போனார்கள். சிரித்த முகமாய் ஒரு பெண். பால் எதிரியும் இல்லை, மருந்தும் இல்லை என்றாள். சர்க்கரை போடாத தயிர் மதியம் ஒரு கிண்ணம் சாப்பிட்டால் பசி அடங்கும், வெண்ணெயிலும் பாலாடையிலும் இனிப்புத் தயிரிலும் மட்டும் கையைச் சுருக்கிக்கொள்ளுங்கள் என்றாள்.

[என் கட்டுரை இவ்வளவுதான். ஆசிரியர் மன்னிக்க வேண்டும்.]

எழுந்திருக்கும்போதுதான் அந்தப் பெண் கேட்டாள். "வேலையில ருசி பார்த்ததும் துப்பிடுவீங்கல்ல?"

"கெட்டுப்போயிருந்தா துப்புவேன். நல்லதை எதுக்கும்மா துப்பணும்?"

அந்த ஆலையில் எதுவும் கெட்டுப்போவதில்லை. துப்புவதற்கென்று கொடுத்திருந்த கிண்ணத்தில் அக்கா பேனா வைத்திருந்தாள்.

4

துப்புவதற்கு வீட்டில் ஒத்திகை நடந்தது. பாத்திரம் கழுவும் தொட்டி முன் அக்கா, பக்கத்தில் தயிர்ப் பாத்திரத்தோடு மாமா. முதல் வாயைத் துப்பியதும் மாமாவின் முகம் சுருங்கிப்போனது.

"நான் தோய்ச்சதும்மா அது."

அடுத்த வாய் தயிரோடு அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அத்தனையும் மாமாவின் சட்டையில். அவரும் சிரிக்க ஆரம்பித்தார். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். எனக்கு அந்த நிமிடம் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. இந்தக் கதையை எழுதுவதே அதற்காகத்தானோ என்னவோ.

பிறகு ஆலைக் கிண்ணத்திலிருந்த பேனா அக்காவின் கைப்பைக்குப் போனது, தயிர் மதியத்துக்குத் திரும்பியது. பிஸ்கட் மறந்தே போனது. எடை மெல்ல இறங்கியது.

[எத்தனை கிலோ என்று எழுதியிருந்தேன். அக்கா அடித்துவிட்டாள்.]

5

சீஸ் வெட்டும் நாள். மேலாளர் படிக்கட்டின் கீழே நின்றார். அக்கா ஏறினாள். பாதியில் நின்றாள்.

'அவள் கால்கள் நடுங்கின

இல்லை, நடுங்கவில்லை. கீழே பெட்டி கட்டுகிற பெண்களிடம் ஒரு விஷயம் சொல்லத்தான் நின்றாள். "உங்க பக்கத்துல எனக்குன்னு போட்ட நாற்காலியை வேற யாருக்காவது குடுத்துடுங்க." சொல்லிவிட்டு மிச்சப் படிகளையும் ஏறினாள்.

மேலே சீஸை வெட்டினார்கள். முதல் துண்டு அக்காவின் வாய்க்குள் போனது. கண்ணை மூடிக்கொண்டாள். இடது கைப்பக்கம் கிண்ணம், காலியாக.

முடிவு அ: துப்பினாள். இதழாசிரியருக்குப் பிடிக்கும்.

முடிவு ஆ: விழுங்கினாள். மாமாவுக்குப் பிடிக்கும். நிபுணரிடமும் கேட்டுவிட்டேன், அன்றைய சாப்பாட்டுக் கணக்கில் சேர்த்துக்கொண்டால் போதுமாம்.

உண்மையில் என்ன செய்தாய் என்று அக்காவிடமே கேட்டேன்.

"ஏறிட்டேன்ல, அதை எழுது. வாய்க்குள்ள நடந்தது என் சொந்த விஷயம்."

ஆகவே முடிவு உங்கள் கையில். அக்கா இப்போது கண்ணைத் திறந்து உங்களைத்தான் பார்க்கிறாள், வாய் இன்னும் மூடியே இருக்கிறது. நிதானமாக யோசியுங்கள், அவளுக்கு அவசரமே இல்லை. நீங்கள் யோசிக்க யோசிக்க சீஸ் அது பாட்டுக்குக் கரைந்துகொண்டிருக்கிறது.