மூக்கில் தங்கிய நீர்

கெண்டியின் மூக்கிலிருந்து நூலாக இறங்குகிறது நீர். சன்னலுக்கு வெளியே ஐப்பசித் தூறல். உள்ளே, உப்புப் போட்ட வெதுவெதுப்பு. வலது நாசியில் ஏறி இடது நாசியில் வழிகிறது.

ஜல நேத்தி. சைனஸுக்காகப் பழகியது. தலையைச் சாய்த்து, வாயால் மூச்சு விட வேண்டும். அந்த நேரம் பேச முடியாது. மற்ற நாட்களில் அதுவே எனக்கு நிம்மதி.

இன்று நிம்மதி இல்லை. இன்று எனக்கு நிச்சயதார்த்தம்.

வேண்டாம். எனக்கு வேண்டவே வேண்டாம். எக்ஸ்ரே எடுக்கிற வேலையெல்லாம் இனி எதற்கு, விட்டுவிடு என்று மாப்பிள்ளை போனில் சொன்னார். அம்மாவிடம் சொன்னேன். அம்மா சிரித்தாள். பிடித்திருக்கிறதா என்று வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை. புடவை என்ன நிறம் என்று கேட்டார்கள்.

தூறல் நிற்கவில்லை. மனமும் நிற்கவில்லை. ஓடிப் போகலாமா. எங்கே. காய்ச்சல் என்று படுத்துக்கொள்ளலாமா. எத்தனை நாளைக்கு.

"தமயந்தி! அவங்க கெளம்பிட்டாங்களாமா. பொடவ கட்டோணும், வெளிய வா!" அண்ணி கதவைத் தட்டினாள்.

நேத்தி முடிந்ததும் குனிந்து, தலையை இருபுறமும் திருப்பி, மிச்ச நீரை மூக்கால் ஊதித் தள்ள வேண்டும். தள்ளாவிட்டால் உள்ளேயே தங்கிவிடும், அப்புறம் குனிகிற இடத்தில் கொட்டும். யோகா வகுப்பில் முதல் நாளே சொல்லித் தந்தது. பதற்றத்தில் அதை விட்டுவிட்டேன்.

கூடத்தில் மல்லிகை வாசனை. புதுப்பட்டு வாசனை. மூக்கு சுத்தமாக இருந்து தொலைத்தது.

தட்டு மாற்றும் முன் மாப்பிள்ளையின் அம்மா மரகதத்தின் காலில் விழச் சொன்னார்கள். விழுந்தேன். குனிந்ததும் கொட்டியது. அவர் பாதத்தின் மேல், சொட்டுச் சொட்டாக.

அவர் என் முகவாயை நிமிர்த்தினார்.

"ஏங்கண்ணு அழுவுற?"

"சந்தோசத்துல அழுவுறாளுங்க," என்றாள் அம்மா அவசரமாக.

"நான் புள்ளயத்தானுங்க கேக்கறேன். கண்ணு, உனக்கு இதுல இஷ்டந்தான?"

கேட்க வேண்டியவர்கள் கேட்காத கேள்வி. இவர் கேட்கிறார். மூக்குத் தண்ணீர் என்று மட்டும் சொன்னால் போதும். எல்லோரும் சிரிப்பார்கள், தட்டு மாறிவிடும். அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பயமாக இருந்தது. ரொம்பப் பயமாக இருந்தது.

"நான் அழுவுலீங்க. காலைல மூக்குக் கழுவுன தண்ணிங்க அது."

யாரோ சிரித்தார்கள். அம்மாவுக்கு மூச்சு வந்தது.

"ஆனா எனக்கு இஷ்டமில்லீங்க."

மரகதம் என் முகவாயிலிருந்து கையை எடுக்கவில்லை. தாம்பாளத்தோடு நின்ற தன் கணவரைத் திரும்பிப் பார்த்தார்.

"தட்டக் கீழ வைங்க," என்றார்.