ஐந்து குளிசை

கொட்டாஞ்சேனை கிளினிக்கில் பெண்களுக்கு இலவசப் பரிசோதனை என்றதும் பக்கத்து வீட்டு லுத்பியாவுக்குத் துணையாகத்தான் பகவதி போனாள். போன இடத்தில் சும்மா இருப்பானேன் என்று தானும் பெயரைக் கொடுத்தாள். கலியாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை.

அடுத்த கிழமை லுத்பியாவுக்கு ஒன்றுமில்லை என்றார்கள். பகவதியை மட்டும் நர்ஸ் அருந்ததி உள்ளே கூப்பிட்டாள்.

“சின்ன ஒட்டுண்ணிக் கிருமி. பயப்பிடாதேங்கோ, வந்த இருநூறு பேரிலை பதினாலு பேருக்கு இருக்கு. ஐஞ்சு குளிசை ஒரே தரமாப் போட்டாச் சரி. ஆனா உங்கட அவரும் போடவேணும். தாம்பத்தியத்திலைதான் தொத்துறது.”

பகவதிக்குக் காது சுட்டது. ஆனாலும் மாதக்கணக்காக வெளியே சொல்லாமல் பட்ட அரிப்புக்கு ஒரு காரணம் கிடைத்ததே! மற்றப் பதின்மூன்று பேர் யாராக இருக்கும் என்று வாங்கில் வரிசையாக உட்கார்ந்திருந்தவர்களை ஒரு பார்வை பார்த்துக்கொண்டே வெளியே வந்தாள்.

புறக்கோட்டையில் துணிக்கடை வைத்திருந்த அவள் கணவன் முத்தப்பன், “எனக்கு ஒரு கோளாறும் இல்ல,” என்றான்.

“ஆம்பளைங்களுக்குத் தெரியாதாம். நீங்களும் போடுங்க.”

கடையில் போடுகிறேன் என்று கிளினிக்கில் அவனுக்குக் கொடுத்த குளிசை உறையை வாங்கிப் போனான். மாலையில் “போட்டாச்சு” என்றான்.

ஞாயிற்றுக்கிழமை வெள்ளவத்தையில் ஒரு கலியாணம். கொள்ளுப்பிட்டி சோதனைச் சாவடியில் பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்கினார்கள். ஆமிக்காரன் முத்தப்பனின் சட்டைப் பையிலிருந்து அந்த உறையை எடுத்தான். உள்ளே ஐந்து குளிசைகளும் அப்படியே இருந்தன.

“மே மொனவாத?” இது என்ன என்று கேட்டான்.

முத்தப்பன் தலைவலிக்கு என்று சிங்களத்தில் இழுத்தான். பக்கத்தில் நின்ற பொலிஸ்காரி உறையில் ‘கணவனுக்கு, ஐந்தும் ஒரே தரம்’ என்று மருந்தின் பெயரோடு எழுதியிருந்ததை வாசித்தாள். அவனைப் பார்த்தாள், பகவதியைப் பார்த்தாள். உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு தன் தண்ணீர்ப் போத்தலை நீட்டினாள்.

“தென் பொன்ன.” இப்பவே குடி என்றாள்.

ஆமிக்காரனின் துவக்குக்கு முன்னால் என்ன வீறாப்பு? ஐந்தையும் விழுங்கினான்.

பஸ் புறப்பட்டதும் பகவதி மெதுவாகக் கேட்டாள். “எங்கேருந்து வந்துச்சு?”

“கல்யாணத்துக்கு முந்தி. சரக்கெடுக்க மெட்ராஸ் போனப்ப, ஒரு தடவ.” அவன் தலையைத் தூக்கவில்லை. “வெக்கமா இருந்துச்சு. அதான் பொய் சொன்னேன்.”

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பம்பலப்பிட்டி தாண்டும் வரை யன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வாயெல்லாம் இரும்பு மாதிரிக் கசக்குது,” என்றான் அவன்.

“நல்லாக் கசக்கட்டும்,” என்றாள். சொன்ன பிறகு சிரிப்பு வந்துவிட்டது.