சிவப்பு மண் ஒட்டிய கேரட்

1

இந்தக் கதை முதலில் ஒரு புகார்க் கடிதமாக இருந்தது. பெறுநர்: விவசாயிகள் சந்தைக் குழுவின் செயலாளர். பொருள்: கேரட்டில் ஒட்டியிருந்த மண்ணின் நிறம் குறித்து. 'ஐயா' என்று தொடங்கி மூன்று பத்திகளை எண் போட்டு எழுதிவிட்டேன். வரிசை தவறாமல் எழுத வேண்டும் என்று எங்கள் ஊர்ப் பள்ளியில் விரல் முட்டியில் தட்டித் தட்டிச் சொல்லிக்கொடுத்தார்கள். அந்தப் பழக்கம் என்னை விடவில்லை. சந்தைக்குத் தண்ணீர்க் குழாய் வந்ததே நான் எழுதிய கடிதங்களால்தான். (மூன்று கடிதங்கள். நகல்கள் என்னிடம் உண்டு.)

நான்காவது பத்தியில் பேனா நின்றது. [பேனாவின் மேல் ஏன் பழி? நான்தான் நிறுத்தினேன்.] நிறுத்திய இடத்திலிருந்து கதை கிளம்புகிறது.

2

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

அ) 'அதிகாலை மூட்டத்தில் பழைய பேருந்துப் பணிமனை மைதானம் மெல்லக் கண் விழித்து—' வேண்டாம். மைதானம் கண் விழித்ததை நான் பார்த்ததில்லை. லாரிகள் பின்னோக்கி வரும் சத்தத்தைத்தான் கேட்டிருக்கிறேன்.

ஆ) 'உள்ளூர் உணவு என்பது வெறும் வியாபாரமல்ல, அது ஓர்—' மைக் இல்லாமல் இந்த வாக்கியம் நிற்காது.

இ) 'அவள் வாளியில் சிவப்பு மண்ணைக் கரைத்தாள்.' இதுதான். ஆனால் ஏன் கரைத்தாள் என்று முதலில் சொல்லியாக வேண்டும்.

நான்கு வருடத்துக்கு முன் அந்த மைதானத்துச் சந்தையில் ஒன்பது கடைகள். இன்று நாற்பது, இடம் கேட்டுக் காத்திருப்பவர்கள் முப்பத்தொரு பேர். எதிர்ச்சாரியில் இருக்கும் பெரிய அங்காடிக்கே பயம் வந்துவிட்டது. வைக்கோல் பரப்பிய கூடைகளும் சிரிக்கும் விவசாயியின் படமுமாக ஒரு மூலையை ஒதுக்கியிருக்கிறார்கள்.*

* அந்த விவசாயியின் நகக்கண்ணில் ஒரு துளி அழுக்கு இல்லை. நின்று பார்த்தேன்.

சந்தையின் விதிகள் இரண்டு. விளைவித்தவரே விற்க வேண்டும். தொடர்ந்து இரண்டு சனிக்கிழமை வராதவர் இடத்தை இழப்பார்.

3

அவளை எல்லோரும் கேரட்டக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். முதல் ஒன்பது பேரில் ஒருத்தி. கடையில் ஒரு பலகை தொங்கும்: 'வயல் – 14 கி.மீ.' கேரட்டைக் கழுவவே மாட்டாள். கறுப்பு மண்ணோடுதான் தட்டில் ஏறும். அதற்காகவே அவளிடம் கூட்டம்.

அந்த மாதம் மழை பிய்த்துக்கொண்டு கொட்டியது. முதல் சனிக்கிழமை பாதை மூழ்கி, அவளால் வர முடியவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமையும் வயலில் முழங்கால் ஆழத் தண்ணீர். மறுநாளும் போகாவிட்டால் நான்கு வருட இடம் கையை விட்டுப் போய்விடும். கேரட்டக்கா மொத்தச் சந்தைக்குப் போய் இரண்டு மூட்டை கேரட் வாங்கி வந்தாள். வீட்டுக் கூடத்தில் கொட்டியதும் அவளுடைய கொழுந்தன், வேன் ஓட்டுகிறவன், வாய்விட்டுச் சிரித்தான்.

"என்ன அண்ணி, எல்லாம் குளிச்சு முழுகிப் பவுடர் போட்டுட்டு வந்திருக்கு?"

"அதான்டா பிரச்சினை. பார்த்ததும் கண்டுபிடிச்சிடுவாங்க."

"அப்ப கொஞ்சம் மண்ணைப் பூசி—"

[இங்கே எனக்குச் சந்தேகம். கெட்ட யோசனையைக் கொழுந்தன் வாயில் வைத்தால் அவள் நோகாமல் தப்பித்துவிடுவாள். அவனுடைய கடைசி வாக்கியத்தை அடித்துவிட்டேன்.]

அவன் மேற்கொண்டு வாயைத் திறப்பதற்குள் அவளே எழுந்தாள். வயல் மண் தண்ணீருக்கடியில் கிடந்தது. மாடிப்படியில் வைத்திருந்த பூச்செடித் தொட்டியைத் தூக்கி வாளியில் கவிழ்த்தாள். நர்சரியில் வாங்கிய தொட்டி. உள்ளே இருந்தது செம்மண். கரைத்து, ஒவ்வொரு கேரட்டாக முக்கி, செய்தித்தாளில் உலர்த்தினாள். தழை எங்கே என்று கேட்டால் என்ன சொல்வது என்று ஒத்திகைகூடப் பார்த்தாள். "மழையில அழுகிப்போச்சுங்க." நிறத்துக்கு ஒத்திகை பார்க்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

4

பத்து மணிக்குள் எல்லாம் விற்றுத் தீர்ந்தது. அதில் ஒரு கிலோ என்னுடையது. வீட்டில் கழுவினேன். நான்கு வருடமாகக் கறுப்பாக ஓடிய தண்ணீர் அன்று சிவப்பாக ஓடியது. உட்கார்ந்து கடிதம் எழுதினேன்.

அடுத்த சனிக்கிழமை அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனேன். அவள் கடையில் ஒரே ஒரு கூடை. வெடித்தது, கிளைத்தது, கோணல்மாணலானது. எல்லாவற்றிலும் கறுப்பு மண்.

"போன வாரம் மண்ணு சிவப்பா இருந்துச்சே?" என்றேன்.

கொழுந்தன் முந்திக்கொண்டான். "மழை சார். மழைக்கு நிறம் மாறும்."

"ஏன்டா, மழை என்ன சாயப்பட்டறையா வச்சிருக்கு? சும்மா இரு." அவள் என் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினாள். "அது மாடிப்படித் தொட்டி மண்ணு சார். கேரட்டும் எங்களுது இல்ல."

பிறகு என் சட்டைப்பையில் நீட்டிக்கொண்டிருந்த தாளைப் பார்த்தாள். "எழுதிட்டீங்களா?"

"கையெழுத்துத்தான் பாக்கி."

"குழுகிட்ட குடுங்க சார். தப்பு தப்புத்தான். ஆனா ரெண்டு வாரம் வராட்டா இடம் போயிடும்னு வச்சிருக்காங்களே, அதையும் சேர்த்து எழுதுங்க. வயலே முழுகிக் கிடந்தா கேரட்டு எங்கிருந்து வரும்னு அவங்களையே கேளுங்க. பாதியை மட்டும் எழுதாதீங்க."

நான்கு வருடத்தில் என் கடிதத்தில் குறை கண்டுபிடித்த முதல் ஆள் அவள்தான்.

5

முடிவுகள்:

அ) கடிதம் போகிறது, அவள் இடம் போகிறது. காத்திருப்போரில் முதல் ஆளான கீரைக்காரருக்கு அது கிடைக்கிறது. பதினெட்டு மாதமாகக் காத்திருக்கிறார், யாரையும் ஏமாற்றாதவர். அவரைக் கெட்டவராக எழுதிப் பார்த்தேன், வேலை சுலபமாகும் என்று. மனிதர் மசியவில்லை.

ஆ) கடிதத்தைக் கிழிக்கிறேன். 'வயல் – 14 கி.மீ.' பலகையை அங்காடியில் சிரிக்கும் விவசாயிக்குப் பக்கத்தில் மாட்டிவிடலாம், இரண்டும் ஒரே வேஷம்.

இ) குழு மழைக்காலத்துக்கு விதியைத் தளர்த்தி, அவளை மன்னித்து— இது என் ஆசை. நடந்ததாக எழுத எனக்கு உரிமையில்லை.

அவள் சொன்னதை ஒரு சொல் மாற்றாமல் நான்காவது பத்தியாகச் சேர்த்துவிட்டேன். இப்போதுதான் கடிதம் முழுக் கடிதம். குழு வெள்ளிக்கிழமை நான்கு மணிக்குக் கூடுகிறது. தேதி போட்டு, உறையில் முகவரியும் எழுதியாயிற்று, கையெழுத்துத்தான் இன்னும் பாக்கி. அவளுக்குத் தெரிந்ததும், கீரைக்காரருக்குத் தெரியாததும், எனக்குத் தெரிந்ததும் எல்லாம் இப்போது உங்களுக்குத் தெரியும். பேனாவில் மை இருக்கிறது.

இப்படிக்கு,

. . . . . . . . . . . . . . .