புருஷன் மட்டும் மங்கல்

கண்ணுக்கு லேசர் வைத்துப் பதினோராம் நாள், கண்ணாடிக்கடைக்காரரின் மனைவிக்கு எல்லாமே துல்லியமாகத் தெரிந்தது, புருஷனைத் தவிர. எதிர்வீட்டு மாடிக் கம்பியில் உட்கார்ந்திருந்த காக்கையின் மூக்கில் ஒட்டியிருந்த பருக்கை தெரிந்தது. தண்ணீர்த் தொட்டியில் பெயிண்டர் தப்பாக எழுதி அழித்த வருடம்கூடத் தெரிந்தது. அறைக்குள் நடமாடிய புருஷன் மட்டும் ஆவி படிந்த கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்பவர் மாதிரி இருந்தார். அவர் சட்டை கொடியில் கிடந்தால் பொத்தானின் நான்கு துளைகளும் தெரியும். அதையே அவர் மாட்டிக்கொண்டால் சட்டையும் சேர்ந்து மங்கிவிடும். ஒரு சாண் தூரத்துக்கு முகத்தைக் கொண்டுபோனால் பளிச்சென்று தெரிந்தார். அதற்கு அப்பால் இல்லை.

அவள் பஸ் டிப்போ வாசலில் டைம்கீப்பர். உள்ளே வரும் வண்டியின் எண்ணையும் நேரத்தையும் குறிக்கிற வேலை. கண் மைனஸ் ஒன்பது. பதினாறு வருடமாகக் கண்ணைச் சோதித்தது, கண்ணாடி போட்டுக் கொடுத்தது எல்லாம் புருஷன்தான். வீட்டிலேயே கடை இருக்க வெளியே யார் போவார்கள்? இன்னும் கொஞ்சம் தெளிவாக வராதா என்று அவள் கேட்டால், உன் கண்ணுக்கு இவ்வளவுதான்மா வரும் என்று லென்ஸைத் துடைத்துக் கையில் கொடுத்துவிடுவார். அவளும் கண்ணைத்தான் நொந்துகொண்டாள். போன வருடம் மூன்று வண்டிகளின் எண்ணை மாற்றி எழுதி மெமோ வாங்கினாள். இன்னொரு தடவை என்றால் வீட்டுக்குப் போகவேண்டியதுதான் என்று மேனேஜர் சொன்ன பிறகே லேசருக்குக் கிளம்பினாள்.

கண்ணாடிக்கடைக்காரர் மூன்று நாள் சாப்பிடாமல் எதிர்த்தார். வியாபாரம் படுத்துவிடும் என்று பயப்படுகிறார் என்று தெரு சிரித்தது. ஒரே ஒரு வாடிக்கைக்காரி போவதற்கா மனுஷன் பட்டினி கிடப்பான் என்று அவளுடைய அக்காள் மட்டும் சிரிக்காமல் கேட்டாள். அக்காள் வக்கீல் ஆபீஸில் குமாஸ்தா. கல்யாணப் பத்திரிகையைக்கூட இரண்டு தரம் படித்துவிட்டுத்தான் கீழே வைப்பாள்.

ஆபரேஷன் இருபது நிமிஷம். முடி கருகின வாசனை வந்ததாம், வலி இல்லையாம். புருஷன் மங்கலாகத் தெரிகிறார் என்று போய்ச் சொன்னபோது, டாக்டர் அவரை எழுத்துப் பலகைக்குப் பக்கத்தில் நிறுத்திவைத்துச் சோதித்தார். அவள் கடைசி வரியைப் படித்தாள். அதற்கும் கீழே அச்சகத்தின் போன் நம்பரையும் படித்தாள். பக்கத்தில் ஆள் நிற்பதாகத் தெரிகிறது என்றாள். ‘பார்வை முழுமை. கணவர் மங்கல்’ என்று டாக்டர் ஃபைலில் எழுதி, சொட்டுமருந்தை நான்கு வாரம் தொடரச் சொன்னார்.

அந்த ஃபைலை அக்காள் இரண்டாம் தரம் படித்தபோதுதான் முதல் பக்கத்தில் நின்றாள். ஆபரேஷனுக்கு முன்பு எடுத்த கணக்கு அது. கண்ணின் பவர் ஒன்பது. போட்டுவந்த கண்ணாடியின் பவர் ஏழரை.

“மிச்சம் ஒன்றரை எங்கடி போச்சு?”

மெஷின் தப்பாக இருக்கும் என்று இவள் சொன்னாள். சொல்லிவிட்டு அலமாரியில் கிடந்த பழைய கண்ணாடிகள் ஐந்தையும் எடுத்துக்கொண்டு தனியாக வேறொரு கடைக்குப் போய் அளந்துவந்தாள். ஐந்திலும், அந்தந்த வருடத்துச் சீட்டில் அவரே எழுதியிருந்ததைவிட ஒன்றரை குறைந்திருந்தது.

சமையலறை வாசலில் நின்று கேட்டாள். அவர் கூடத்தின் அந்தக் கோடியில் இருந்தார்.

“குறைச்சுத்தான் போட்டீங்களா?”

அதைக் கேட்டபோது அவர் முகம் எப்படி இருந்தது என்பது அவளுக்குத் தெரியாது.

“ஆமா. முழுசாப் போட்டா நீ அங்கிருந்தே என்னைப் பாத்துடுவே. எங்கிட்ட வரவேண்டிய வேலையே இருக்காது.”

“என் வேலையே போயிருக்கும்ங்க.”

“அழறேன்மா. கிட்ட வந்து பாரேன்.”

அவள் ஓர் அடி எடுத்துவைத்தாள். உடனே நின்றாள்.

“அங்கயே நின்னு சொல்லுங்க. நம்பறதா வேண்டாமான்னு நான் முடிவு பண்ணிக்கறேன்.”

அக்காள் வாசலில் வண்டியோடு காத்திருந்தாள். பெட்டியை எடு என்றாள். இவரை இங்கிருந்தே பார்த்துக்கொள்கிறேன் என்று இவள் வண்டியை அனுப்பிவிட்டாள். இன்னும் என்ன பாக்கியிருக்கு பார்க்க என்று அக்காள் திட்டிக்கொண்டே போனாள்.

ஆறு வருடமாகிறது. அவள் பாலத்துக்கு அப்பால் வரும் வண்டியின் எண்ணையே சொல்லிவிடுகிறாள், மெமோ வரவில்லை. புருஷன் அறைக்குள் நுழையும்போது சுவரோரம் நின்று தன் முகத்தைத் தானே அறிவிப்பார். சிரிக்கிறேன் என்பார். கோபமாக இருக்கிறேன் என்பார். அவள் குரலைக் காதில் வாங்கி, சரி என்றோ இல்லை என்றோ தீர்ப்புச் சொல்வாள். முதல் இரண்டு வருடம் பெரும்பாலும் ‘இல்லை’தான். வீட்டுக்கு வருகிறவர்களுக்கும் இது பழகிவிட்டது. தீர்ப்பு வரும்வரை பேச்சை நிறுத்திவைப்பார்கள்.

போன வாரம் ஒருநாள் கடையிலிருந்து வந்தவர் சுவரோரம் நின்றார். ஒன்றும் சொல்லவில்லை.

“என்ன முகம்?”

“தெரியலைம்மா.”

அவள் கொஞ்சம் யோசித்தாள். சரி என்றாள். தட்டை எடுத்துவந்து, மங்கலாக இருந்தவருக்கு மேஜையின் அந்தக் கோடியில் வைத்தாள்.